ஒஸ்தாவின் கத்தியும் மடக்குக்கத்தியும்

அறபு மொழியில் சவரக்கத்திக்கு ‘மூஸா’ என்று பெயர். இறைத்தூதர் மூஸா (அலை) அவர்களின் திருப்பெயரும் எழுத்தில் அவ்வாறே அமையும். ஓதத் தொடங்கிய புதிதில் மாணவர்கள் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு விழிப்பதும், பாடம் நடத்துபவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொற்பிறப்பை விளக்குவதும் மதரஸாக்களில் நாம் கண்டு பழகிய காட்சி. இரும்புக்கு ‘ஹதீது’ என்பது பெயர். அதிலிருந்து ‘இஸ்திஹ்தாது’ என்றொரு சொல் பிறந்தது. இரும்பைக் கொண்டு மயிர் களைதல் என்பது அதன் பொருள். இயற்கை நெறியைச் சேர்ந்த தூய்மைகள் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறியவற்றுள் இதுவும் ஒன்று. தமிழிலோ மழித்தல், சிரைத்தல், சவரம் எனப் பல சொற்கள் உண்டு. மழிப்பதிலும் வளர்ப்பதிலும் ஒன்றுமில்லை, உலகம் பழிப்பதை விட்டொழிப்பதே வேண்டியது என்ற கருத்தில் வள்ளுவப் பெருந்தகை கூடாவொழுக்கத்திலே பேசியிருப்பதை நேயர்கள் அறிவர்.

தாடி வளர்த்திருக்கும் ஒருவன் சவரத்தைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று சிலர் கேட்கலாம். தாடியை எடுப்பது குறித்த நம் கருத்து ஊரறிந்தது. அதனை இக்கட்டுரையில் நுழைக்கப் போவதில்லை. நாம் எழுதப் புகுந்தது கத்தியைப் பற்றியும், கத்தி பிடிக்கும் கையைப் பற்றியுமே.

நம் தமிழக முஸ்லிம்களிடையே சவரத் தொழில் செய்வோரை ‘ஒஸ்தா’ என்றழைப்பது பல ஊர்களில் வழக்கு. ‘உஸ்தாது’ என்பதன் மரூஉ அது. ஒரு கலையில் தேர்ந்தவன், ஆசான் என்பது உஸ்தாதுக்குப் பொருள். பாரசீகத்தில் பிறந்து அறபிலும் உருதுவிலும் குடியேறிய சொல். கிதாபு ஓதிக் கொடுக்கும் நம்மையும் மாணவர்கள் உஸ்தாது என்றுதான் விளிக்கிறார்கள். ஆக, சொல் ஒன்று. ஆசிரியனும் நாவிதனும் அதில் பங்காளிகள். ஆயினும் வலீமா விருந்திலே ஓர் உஸ்தாதுக்குத் தலையணை போட்டு உட்கார இடம் தருகிறார்கள். மற்றோர் உஸ்தாது பந்தி முடியும்வரை திண்ணையோரத்தில் நிற்கிறார். இந்த வேற்றுமையைச் சொல் உண்டாக்கவில்லை.

வ. புதுப்பட்டி மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்து அமைந்த ஊர். நெல்லும் தென்னையும் மாவும் விளையும் பூமி. பிளவக்கல் அணையின் தண்ணீரை நம்பி வாழும் வட்டாரம். அண்மையிலுள்ள கான்சாபுரம், 1764-இல் மதுரையில் தூக்கிலிடப்பட்ட கான்சாகிபு யூசுப்கானின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வாளுக்குப் பேர்போன ஒருவர் பெயரால் ஓர் ஊர் விளங்குகிறது. சவரக்கத்திக்குப் பேர்போனவர் பெயரால் ஒரு சந்துகூட எங்கும் விளங்கக் கண்டோமில்லை. போகட்டும்.

2020 மார்ச் 24 மாலையில் தமிழகத்திலும், மறுநாள் முதல் நாடெங்கிலும் ஊரடங்கு வந்தது. கடைகள் அடைபட்டன. சவரக் கடைகள் எல்லாவற்றிலும் முன்னதாக அடைபட்டு, மிகவும் பின்னதாகத் திறந்தன. ஊர்ப்புறங்களில் அவை திறக்க இசைவு கிடைத்தது மே 19-இல்தான். ரமளான் மாதத்தின் பெரும்பகுதி அதற்குள் கழிந்துவிட்டது. பால் வந்தது, காய்கறி வந்தது, மருந்து வந்தது. ஒஸ்தா மட்டும் வரவில்லை. ஊரிலே யாருடைய தொழில் இல்லாவிட்டால் எத்தனை நாளில் தெரியும் என்பதற்கு அந்த எட்டு வாரங்கள் ஓர் அளவுகோல் ஆயின.

அந்நாட்களில் நம் தெருவைச் சேர்ந்த வாலிபர் ஒருவர், தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பிள்ளை, ராஜபாளையத்தில் வாங்கிய மடக்குக்கத்தி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். தென்னந்தோப்பில் கயிறு அறுக்கவும் இளநீர்க் கண் திறக்கவும் வைத்திருந்த கத்தி. அதனை இரண்டு நாள் கல்லில் தேய்த்துக் கூராக்கியிருந்தார். முன்கையில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தார், மயிர் உதிர்ந்தது.

“ஹஜ்ரத், கையில் எடுக்கிறதே, கன்னத்தில் எடுக்காதா?” என்று கேட்டார்.

நாம் கிதாபு தீட்டியவர்களேயன்றிக் கத்தி தீட்டியவர்கள் அல்லர். ஆகவே, நான்காவது வீட்டுத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்த முதிய ஒஸ்தாவிடம் அவரை அழைத்துச் சென்றோம். ஒஸ்தா திண்ணையிலும், வாலிபர் தெருவிலும், நாம் இருவருக்கும் நடுவே வேப்பமரத்தடியிலுமாக, நோய்க்கஞ்சி விலகி அமர்ந்தோம். பிறர் முகத்தைத் தொட்டே ஐம்பதாண்டு வாழ்ந்த மனிதர், தொடாமல் ஒரு தொழிலைக் கற்றுக் கொடுக்க வேண்டியதாயிற்று. வாயால் சொல்லிக் கொடுத்தார், நாமும் கேட்டுக்கொண்டோம்.

“தம்பி, கைமயிர் பஞ்சு, முகமயிர் கம்பி. உங்கள் கத்தி கூர்மையாகத்தான் இருக்கிறது. மெலிவாக இல்லை. கூர் வேறு, மெலிவு வேறு” என்றார்.

இது பெரிய பாடம். சவரக்கத்தியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் முதுகு தடித்து, இரு பக்கமும் உட்குழிந்து, வாய் இதழ்போல் மெலிந்திருக்கும். அதன் வாயில் இரு சரிவுகளும் சேருமிடத்துக் கோணம் ஏறத்தாழ 16 பாகை. கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் ஒருங்கே கல்லின் மேல் படுத்திருக்கும். ஆகவே தீட்டுபவன் கை நடுங்கினாலும் கோணம் மாறாது. முதுகே அதற்கு வழிகாட்டி. மடக்குக்கத்திக்கு அந்த வசதி இல்லை. பக்கத்துக்கு 15 முதல் 20 பாகை வரை, இரு பக்கமும் சேர்ந்து 30 அல்லது 40 பாகை; அதைக் கைக்கணக்கில்தான் நிறுத்த வேண்டும். அத்தகைய வாய் கயிற்றுக்கும் குச்சிக்கும் உகந்தது. முகத்தில் அது மயிரை அறுப்பதற்கு முன்னே ஆப்புப்போல் நின்று இழுக்கும். இழுத்தால் எரியும், எரிந்தால் கை பதறும், பதறினால் தோல் போகும்.

ஒஸ்தா சொன்னபடி வாலிபர் கத்தியைக் கல்லில் ஏறக்குறையப் படுக்க வைத்து, தோள்ப்பட்டையையே தேய்த்து மெலிவித்தார். முதலில் சொரசொரப்பான கல், அடுத்து நயமான கல், கடைசியில் வழவழப்பான கல்லில் தண்ணீர் விட்டு. ஒரு பக்கம் தேய்க்கையில் மறுபக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு எழும்பும். நகத்தால் தடவினால் தட்டும். அந்தப் பிசிறைக் கூர் என்று நம்பி ஏமாறுபவரே அதிகம். முதல் இழுப்பில் வெட்டி, இரண்டாவதில் மடங்கிவிடும். பக்கம் மாற்றி மாற்றி, அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்து அதனைக் களைய வேண்டும். பிறகு தோல்வாரில், வாய் பின்னே வர முதுகு முன்னே செல்ல, ஐம்பது முறைக்குக் குறையாமல் இழுக்க வேண்டும். வாலிபருக்குத் தோல்வார் கிடைக்கவில்லை. பழைய இடைவாரைத் தூணில் கட்டிக்கொண்டார். நோன்பு நாளில் அஸருக்குப் பின் நேரம் போகாமல் தவித்த பிள்ளைகள் அவரைச் சுற்றி உட்கார்ந்து எண்ணிக்கை சொன்னார்கள்.

“மயிர் கத்தியைத் தின்னும்” என்று ஒஸ்தா ஒரு நாள் சொன்னார். மயிரினும் இரும்பு வலியது, அதை மயிர் எப்படித் தின்னும் என்று நாம் ஐயுற்றோம். அதே 2020 ஆகஸ்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் நுண்ணோக்கியின் அடியில் சவரம் செய்து பார்த்து வெளியிட்ட ஆய்வு இதனையே கூறியது. எஃகை விட ஏறத்தாழ ஐம்பது மடங்கு மென்மையானது மயிர். எனினும் அது வளைந்து கொடுத்துக் கத்தி வாயின் ஓரத்தைப் பக்கவாட்டில் நெருக்கும்போது, எஃகின் அமைப்பு சீராக இல்லாத இடத்தில் நுண்ணிய துணுக்கு பெயர்ந்துவிடுகிறது. கத்தி மழுங்குவது தேய்ந்து மட்டுமன்று, பெயர்ந்தும்தான். மயிரை நன்றாக நனைத்தால் வெட்டும் விசை குறைகிறது. ஆகவேதான் ஒஸ்தாமார்கள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு முகத்தைப் பிசைந்து, கதை பேசி, நேரம் கடத்திய பிறகே கத்தியை எடுப்பது. அந்தக் கதையளப்பைச் சோம்பல் என்று நினைத்தவர்கள் நம்மில் பலர்.

இரும்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லாமல் மேலே செல்ல மனம் இல்லை. அறபு மொழியில் சிறந்த வாளுக்கு ‘முஹன்னது’ என்று பெயர். ‘ஹிந்து’ நாட்டில் ஆக்கப்பட்டது என்பது பொருள். கஅபு இப்னு ஸுஹைர் (ரலி) அவர்கள் பெருமானார் திருமுன் பாடிய புகழ்ப்பாவிலும் இச்சொல் அமர்ந்திருக்கிறது. மண் மூசையில் இட்டு உருக்கிய தென்னாட்டு எஃகு கடல் கடந்து சென்றது. ‘உருக்கு’ என்ற நம் சொல்லோடும் ‘உக்கு’ என்ற கன்னடச் சொல்லோடும் உறவுடைய ‘ஊட்ஸ்’ என்னும் பெயரால் ஐரோப்பியர் அதனை அறிந்தனர். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அகழ்ந்தபோது அத்தகைய உலைகளின் தடயங்கள் வெளிப்பட்டன. இலண்டன் ஸ்டிராண்டுத் தெருவில் கடை வைத்திருந்த ஜேம்ஸ் ஸ்டோடர்ட் என்பார், தாம் விற்கும் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் இந்திய எஃகால் ஆனவை என்றும், ஐரோப்பாவின் தலைசிறந்த எஃகினும் அதனையே தாம் விரும்புவதாகவும் தம் கடைச் சீட்டில் அச்சிட்டிருந்தார். அவரோடு சேர்ந்து அந்த எஃகின் மர்மத்தை ஆராய்ந்தவர், கொல்லரின் மகனாகப் பிறந்து மின்னியலின் தந்தையென உயர்ந்த மைக்கேல் ஃபாரடே. 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாம் ஆக்கிய எஃகுக் கலவையில் சவரக்கத்திகள் செய்வித்து நண்பர்களுக்குப் பரிசளித்தாராம் அப்பெரியார். நம் ஒஸ்தாவின் அடைப்பத்தில் இருந்ததோ ஜெர்மனியின் சோலிங்கன் முத்திரை பதித்த கத்தி. எஃகு இங்கிருந்து போயிற்று, கத்தி அங்கிருந்து வந்தது.

அந்தக் கத்தியும் 1990-களில் ஓய்வு பெற்றுவிட்டது. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பின்னர், ஒருவரைத் தொட்ட கத்தி மற்றவரைத் தொடலாகாது என்ற அச்சம் சவரக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. பாதி பிளேடை ஒடித்துச் செருகும் கத்தி வந்தது. தீட்டும் கலை போயிற்று. வீட்டிலேயே மழித்துக்கொள்ளும் வழக்கமோ அதற்கும் முன்பே பரவிவிட்டது. 1903-இல் கிங் கேம்ப் ஜில்லெட் விற்றது மொத்தம் 51 சவரக் கருவிகளும் 168 பிளேடுகளும். அதிலிருந்து உலகமெங்கும் ஆண்களின் காலை நேரம் மாறியது. நம் ஊர்களில் டோபாஸ், செவன் ஓ கிளாக் பிளேடுகளின் காகித உறை காணாத அலமாரி இல்லை.

வாலிபரின் முயற்சி பலித்ததா என்று நேயர்கள் கேட்பர். இருபது நாள் உழைப்புக்குப் பின் ஒரு நாள் காலை, கண்ணாடியைத் தூணில் தொங்கவிட்டு, ஒஸ்தா திண்ணையிலிருந்து ஒவ்வோர் இழுப்புக்கும் குரல் கொடுக்க, அவர் மழித்துக்கொண்டார். “தோலை மேலே இழுத்துப் பிடியுங்கள். கத்தியை நிமிர்த்தாதீர்கள், படுக்க வையுங்கள். மயிர் போகும் திக்கிலே போங்கள், எதிர்க்காதீர்கள்.” இரு கன்னங்களும் செவ்வையாக வந்தன. தாடையின் கீழ் இழுத்து இழுத்து நின்றது. மேலுதட்டில் கை வைத்ததும் ஒஸ்தா தடுத்துவிட்டார். குறுகிய இடத்தில் அகன்ற கத்தி வேண்டாம், கத்திரியால் நறுக்கிக்கொள்ளட்டும் என்றார். குரல்வளை அருகே மிளகளவு இரத்தம் கசிந்தது, படிகாரம் தடவிக்கொண்டார். ஆக, மடக்குக்கத்தியால் முகம் மழிக்க இயலும், மெலிவித்தால். ஆனால் அவ்வளவு மெலிந்த கத்தி பிறகு தென்னந்தோப்புக்கு ஆகாது. ஒரு மட்டையைத் தொட்டாலும் வாய் சிதைந்துவிடும். இரண்டு வேலைக்கும் ஒரு கத்தி போதாது என்று சொல்லி ஒஸ்தா சிரித்தார்.

குரல்வளையில் கத்தியை வைக்கும் இடத்தில்தான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. ஹிஜ்ரி நான்காம் ஆண்டில் குபைபு (ரலி) அவர்கள் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டு மக்காவில் விற்கப்பட்டுச் சிறை இருந்தார்கள். கொல்லப்படும் நாள் நெருங்கியதை அறிந்து, தம்மைத் தூய்மை செய்துகொள்ள அவ்வீட்டுப் பெண்ணிடம் சவரக்கத்தி இரவல் கேட்டார்கள். கொடுத்த பெண் கவனியாதிருக்கையில் அவளுடைய சிறு குழந்தை தவழ்ந்து அவர்களிடம் போய்விட்டது. திரும்பிப் பார்த்தபோது குழந்தை மடியில், கத்தி கையில். பெண் நடுங்கினாள். நான் இதனைக் கொன்றுவிடுவேன் என்றா அஞ்சுகிறாய், அது என்னால் ஆகாது என்னும் கருத்தில் அவர்கள் விடையளித்ததை புகாரி ஷரீஃப் பதிவு செய்துள்ளது. பிற்காலத்தில் அந்தப் பெண்ணே இதனைச் சொல்லி, அவரினும் சிறந்த கைதியைக் கண்டதில்லை என்றாள். கத்தி பிடித்த கை எத்தகையது என்பது குழந்தை மடியிலிருக்கும்போது தெரிகிறது. நம் ஊர் ஆண்களில் ஒஸ்தாவின் கத்திக்குக் கீழே கண்ணை மூடித் தூங்காதவர் யார்? பிறந்த ஏழாம் நாள் அகீகாவில் நம் குழந்தைகளின் உச்சிக் குழி துடிக்கும் தலையை அவர் கையில்தானே கொடுக்கிறோம்? கழுத்தைக் கொடுக்கிறோம், பிள்ளையைக் கொடுக்கிறோம். பாயில் இடம் கொடுக்க மட்டும் மனம் வருவதில்லை.

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் வெள்ளைக்கார நாவிதர் ஒருவர் காந்தியடிகளுக்கு முடிவெட்ட மறுத்தார். அடிகள் கத்திரி வாங்கித் தாமே வெட்டிக்கொண்டு நீதிமன்றம் சென்றபோது, எலி கடித்ததா என்று நண்பர்கள் நகைத்தனர். அந்த நாவிதர்மேல் அவர் சினம் கொள்ளவில்லை. நம் நாவிதர்கள் தீண்டப்படாதோர் எனப்பட்டவர்க்குத் தொழில் செய்ய நாம் விடுவதில்லையே, அதன் பலன் இது என்று தம் வரலாற்றில் எழுதினார். தாழ்த்துபவன் எங்கேயாவது தாழ்த்தப்படுவான் என்பதை அவர் கண்டுகொண்டார்.

2021-இல் அந்த வாலிபருக்குப் பெண் பார்த்தார்கள். ஒஸ்தாவின் பேத்தி நம்மிடம் ஓதியவள். குர்ஆனைத் தஜ்வீதோடு ஓதுவாள், பட்டப்படிப்பும் முடித்தவள். வாலிபரே தம் தாயாரிடம் அவள் பெயரைச் சொல்லியிருக்கிறார். தகப்பனார் நம்மிடம் வந்தார்.

“ஹஜ்ரத், பெண்ணைக் குறை சொல்லவில்லை. கத்தி பிடித்த வீடு. ஷரீஅத்திலேயே ‘குஃபு’ பார்க்கச் சொல்லியிருக்கிறதே?”

கேட்டவர் கிதாபின் பெயரைச் சொல்லிக் கேட்டதால், கிதாபிலிருந்தே விடை சொன்னோம். திருமணப் பொருத்தத்தில் தொழிலைக் கணக்கிட்ட சட்ட மேதைகள் உண்டு, மறைப்பதற்கில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் மின்ஹாஜில் இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தொழில்களை வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். ஹனஃபிகளின் ஹிதாயாவில் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் கருத்தாகக் குருதி குத்தியெடுப்போர், நெய்வோர், தோல் பதனிடுவோர் ஆகியோரைக் குறித்த பேச்சு இருக்கிறது. அவர்கள் தத்தம் காலத்து ஊர் வழக்கை நோக்கிச் சொன்னார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ மார்க்க ஒழுக்கத்தையே முதன்மையாகக் கொண்டார்கள். இவை ஒருபுறம் இருக்கட்டும். குஃபு என்பது மணமகன் தரப்பில் பார்க்கப்படுவது; பெண்ணும் அவளுடைய வலியும் குறைவுபடாதிருக்க அவர்களுக்குத் தரப்பட்ட உரிமை; அவர்கள் விரும்பினால் விட்டுக்கொடுக்கவும் கூடியது. மணமகன் வீட்டார் பெண்ணின் குலத்தொழிலைக் காட்டி மறுப்பதற்கு ஹிதாயாவிலும் இடமில்லை, மின்ஹாஜிலும் இடமில்லை. ஆகவே நீங்கள் மறுப்பதாயின் உங்கள் பெயரால் மறுத்துக்கொள்ளுங்கள், ஷரீஅத்தின் பெயரால் வேண்டாம் என்றோம். குருதி குத்தியெடுக்கும் தொழிலாளரான அபூ ஹிந்து (ரலி) அவர்களுக்குப் பெண் கொடுக்கவும், அவரிடம் பெண் எடுக்கவும் பனூ பயாளா கூட்டத்தாரைப் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்த செய்தி அபூதாவூதில் வந்திருப்பதையும் எடுத்துக் காட்டினோம்.

அவர் நெடுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கிதாபில் உள்ளது சரிதான் ஹஜ்ரத். நான் ஊருக்குள் இருக்கிறேனே” என்று சொல்லி எழுந்தார்.

அப்போது நமக்கு வந்த கோபம் அவர்மேல் மட்டும் வந்ததன்று. குஃபுப் பாடத்தை மாணவர்க்கு ஆண்டுதோறும் நடத்துகிறோம். அது யாருக்கு உரிமை, யாருக்கு இல்லை என்பதை வெள்ளிக்கிழமை மிம்பரில் ஏறி ஊர் கேட்கச் சொல்பவர் எத்தனை பேர்? சுன்னத்தான தூய்மைகளைப் பட்டியலிட்டுப் பயான் செய்கிற நம் ஆலிம் பெருமக்கள், அத்தூய்மையை நமக்குச் செய்து தருகிறவர் குடும்பத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. மக்கள் அறியாமல் செய்வதில் பாதி, அறிந்தோர் சொல்லாததால் நடப்பது.

ஒஸ்தாவிடம் இதை யாரும் நேரே சொல்லவில்லை; ஆயினும் அவருக்குத் தெரிந்திருந்தது. நம்மிடம் அவர் பேசியது இவ்வளவுதான்: “தம்பிக்குக் கை நன்றாக வந்தது ஹஜ்ரத். இன்னும் ஒரு மாதம் பழகியிருந்தால் தாடையின் கீழும் எடுத்திருப்பார்.”

பேத்திக்கு 2022-இல் நிக்காஹ் நடந்தது. மாப்பிள்ளை மின்வேலை செய்பவர். மஹரைத் தாமே உழைத்துச் சேர்த்துக் கொண்டுவந்தார். குத்பா ஓதியது நாம். பந்தியில் ஒஸ்தாவை முதல் பாயில் உட்கார வைத்து, நாமும் பக்கத்தில் உட்கார்ந்தோம். எதிர்ப்பாயில் இருவர் எழுந்து வேறிடம் போனதைக் கண்டோம். யார் என்று ஊருக்குத் தெரியும். வாலிபர் சவூதிக்குச் சென்றுவிட்டார். அவருடைய மடக்குக்கத்தி வீட்டில் இருக்கிறது. மெலிந்த வாயாதலால் முருங்கைக்காய் சீவ வசதியாக இருக்கிறதென்று தாயார் அதனை அடுக்களையில் வைத்திருக்கிறார்.